கடைசிப் பெட்டி பதில் சொல்லலை

மாடிக்கெல்லாம் இப்ப ஏற வேண்டாம். ஒரு தடவை சொன்னா புரியாதா தம்பி உங்களுக்கு? அந்த ஏணியக் கீழ வைங்க மொதல்ல. செவுத்துல சாத்தாதீங்க, இப்பத்தான் வெள்ளையடிச்சிருக்கு. ஆங், அப்படி ஓரமா. பையையும் எறக்கிட்டு ஒக்காருங்க. அந்தச் சேர் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல ஒக்காருங்க.

மருமவ மேல படுத்திருக்கா. தலைவலி. மாத்திரையப் போட்டுட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா. மொட்டை மாடிக்குப் போவணும்னா அவ ரூமுக்குள்ள பூந்துதான் போவணும். வயசுப் பொண்ணு தூங்குற ரூமுக்குள்ள நீங்க ஏணியும் வயருமா நொழைவீங்க, நான் கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கணுமா? அவ எந்திரிச்சு வரட்டும். அதுவரைக்கும் உங்க கம்பெனி ஒண்ணும் முழுகிடாது.

அவசரமா? யாருக்கு அவசரம்? எனக்கில்ல. இந்த இன்டர்நெட் லைன் இல்லாம என் அடுப்பு எரியலையா, கொழாயில தண்ணி வரலையா? எம் மவனுக்கு அவசரம். அவன் பெங்களூர்ல ஒக்காந்துக்கிட்டு உங்க ஆபீசுக்கு மெயிலு மேல மெயிலு போடுறான், உங்க மேனேஜர் உங்கள வெரட்டுறாரு, நீங்க என் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறீங்க. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டிங்கிற மாதிரி கடைசில என் தலையிலதான் வந்து விடியுது.

கழுத்துல தொங்குதே அட்டை, அத இப்படித் திருப்புங்க. பிரவீன்ராஜ். எந்தப் பக்கம்? பாலக்கரையா? மாதா கோயில்கிட்டயா? சரி சரி. பாலக்கரைக்காரங்க மரியாதை தெரிஞ்சவங்கதான். நீங்க மட்டும் ஏன் வந்ததும் வராததுமா செருப்போட ஹாலுக்குள்ள வந்தீங்க? பாத்தேன், பாத்தேன். கழட்டி விட்டுட்டீங்க, அதுவும் பாத்தேன். நான் ரேஷன் கடையில எடை போட்டே ரிட்டயர் ஆனவ தம்பி. வரிசையில நிக்கிறவன் மூஞ்சியப் பாத்தே யாரு ரெண்டாந்தடவை வந்து நிக்கிறான்னு சொல்லிடுவேன். இந்த அழகம்மா கண்ணுக்கு எதுவும் தப்பாது.

இதுக்கு முன்னாடி முருகானந்தம்னு ஒரு ஆளை அனுப்புனாங்க. அவரு வருவாரு, இந்தப் பெட்டிக்குப் பின்னாடி கைய விட்டு எதையோ ஒரு அமுக்கு அமுக்குவாரு, செவப்பு லைட்டு பச்சையாகும், போயிடுவாரு. வேலை தெரிஞ்ச ஆளு. நீங்க பெரிய ஆபீசுலேருந்து வந்திருக்கீங்க, கையில மிஷினு, லேப்டாப்பு. வந்து என்ன பண்ணீங்க? தெருமுனை போஸ்ட்டுல ஏறி எறங்கினீங்க, அங்க வரைக்கும் நல்லா இருக்குன்னீங்க. அதான் எனக்கே தெரியுமே. போஸ்ட்டு நல்லாத்தான் இருக்கும், போஸ்ட்டுக்கு என்ன கேடு?

எலி கடிச்சிருக்குமா? இருக்கும். அணிலா? அதுவும் இருக்கும். பக்கத்து வீட்டுத் தென்னை மரத்துலேருந்து எங்க மாடிக்கு ஒரு படையே எறங்கும். அணிலக் கூப்பிட்டு வெசாரிங்க போங்க.

காபி குடிங்க. சர்க்கரை கம்மியா? அப்படித்தான் இருக்கும். எனக்கு வெத்தலை போடணும், வாய் நமநமங்குது, இந்தப் பாக்குவெட்டியக் காணோம். வயசாயிட்டா வச்ச எடம் தெரிய மாட்டேங்குது. சரி, சும்மா ஒக்காந்திருக்கிறதுக்கு அந்த லேப்டாப்புல கோடு கோடா ஓடுதே, அது என்னன்னு சொல்லுங்க. எம் மவன் ஒரு தடவை சொன்னான். அவன் சொன்னா எனக்குப் புரியாது, என்னை முட்டாளாக்கிட்டே சொல்லுவான். நீங்க சொல்லுங்க.

ம். ம். இருங்க, நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. பெங்களூர்ல அவன் ரூம்ல ஒரு ரவுட்டர் இருக்கு. இங்க என் டிவிக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கு. அது இதப் பாத்து, இருக்கியான்னு கேக்குது. இது, இருக்கேன்னு சொல்லணும். கேட்டதுக்கும் சொன்னதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அது குறிச்சு வச்சுக்குது. பதிலே வரலைன்னா அதையும் குறிச்சுக்குது. அப்புறம் எந்த வழியா போச்சு, நடுவுல எந்த எந்தப் பெட்டியில நின்னு போச்சு, எந்தப் பெட்டி வரைக்கும் பதில் வருது, எதுல முட்டிக்கிட்டு நிக்குதுன்னு ஒவ்வொரு பெட்டியா தட்டிப் பாக்குது. பெங்களூர்ல தட்டுனா பதில் வருது, மெட்ராஸ்ல வருது, திருச்சி ஆபீசுல வருது, காவேரியத் தாண்டி இங்க ஸ்ரீரங்கத்துப் பெட்டியிலயும் வருது. கடைசிப் பெட்டி, நம்ம வீட்டுப் பெட்டி, அது மட்டும் பதில் சொல்லலை. சரியா சொல்லிட்டேனா? என்ன தம்பி, ஆச்சரியமா பாக்குறீங்க. இதுல என்ன பெரிய விஷயம் இருக்கு? இத நான் தெனமும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

லேப்டாப்புல இல்லங்க. வீட்டுல.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஆயிடுச்சா, நல்லது. பேரு? லிசி. லிசி உங்க போன எடுக்கலைன்னா என்ன பண்ணுவீங்க? அப்புறம் கூப்பிடுவீங்க. அவ்வளவுதானே? எதுக்கு லேட்டுன்னு கேப்பீங்க, சமைச்சுக்கிட்டிருந்தேன்னு சொல்லும், விட்டுடுவீங்க. எம் மவன் சித்தார்த்து அப்படி விட மாட்டான். போன் அடிச்சா எத்தனாவது ரிங்குல எடுத்தா, நேத்து எத்தனாவதுல எடுத்தா, இன்னைக்கு ஏன் ரெண்டு ரிங்கு கூடிப் போச்சு. கடைக்குப் போனா எந்தத் தெரு வழியா போன? போகும்போது அடையவளஞ்சான் தெரு, வரும்போது மட்டும் ஏன் உத்தர வீதி? நடுவுல எங்க நின்ன? யாருகிட்ட நின்ன? அது என்ன, உங்க மிஷினு பண்றதேதானே? மிஷினையாவது பெட்டிக்கு வைப்பாங்க. இவன் பொண்டாட்டிக்கு வச்சிருக்கான்.

அண்ணாந்து என்ன பாக்குறீங்க? அதான். கேமராதான். ஹாலுக்கு ஒண்ணு, சமையக்கட்டுக்கு ஒண்ணு, படிக்கட்டுக்கு ஒண்ணு, வாசலுக்கு ஒண்ணு. அம்மாவுக்குத் தொணையா இருக்கும், திருட்டு பயம் இல்லைன்னு சொல்லித்தான் மாட்டுனான். எனக்கு என்ன தொணை? திருடன் வந்தா என் வாய்க்கே ஓடிடுவான். அது வெறும் கேமரா இல்ல தம்பி, பேசும். நீங்க அடுப்புல நின்னு தாளிச்சுக்கிட்டு இருப்பீங்க, தலைக்கு மேலேருந்து திடீர்னு ஒரு குரல், யாரப் பாத்துச் சிரிச்சன்னு கேக்கும். கையில இருக்குற கரண்டி கீழ விழும். மொத தடவை எனக்கே ஒண்ணுக்கு வந்திடுச்சு. சிரிங்க, சிரிங்க. சிரிக்கிற விஷயம்தான், அடுத்தவன் வீட்டுல நடந்தா.

இருங்க, எம் போனு. அவந்தான். வேற யாரு?

சொல்லுப்பா. வந்திருக்காரு, வந்திருக்காரு. ஒக்காந்திருக்காரு. நாந்தான் ஒக்கார வச்சேன், என்ன இப்ப? மழை பேஞ்சு மாடி வழுக்குது, விழுந்து கிழுந்து வச்சா அவரு பொண்டாட்டி புள்ளைக்கு நீயா பதில் சொல்லுவ? காயட்டும். என்ன? இளவேனிலா? தூங்குறா. தலைவலி. எழுப்ப மாட்டேன். டேய், தூங்குற பொண்ண எழுப்பி போனக் குடுன்னு சொல்றியே, நீ மனுசனா? எடுக்க மாட்டா. எந்திரிச்சா சொல்றேன். அடுப்புல கொழம்பு இருக்கு, வைக்கிறேன்.

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க? மழை பேஞ்சுச்சா பெய்யலையா? நேத்து சாயங்காலம் ரெண்டு தூத்தல் போடலை? அது மழை இல்லையா? உங்க பாலக்கரையில வேணா பெய்யாம இருந்திருக்கும்.

நான் ஒண்ணும் தங்கமான மாமியார் இல்ல, அத மொதல்லயே சொல்லிடுறேன். இளவேனிலு வையம்பட்டிக்காரி. வந்த புதுசுல ரெண்டு பேருக்கும் தெனம் ஒரு மல்லுக்கட்டுதான். எனக்கு வாய் நீளம், அவளுக்கும் கொறைச்சல் இல்ல. ரசத்துல புளி கூடன்னு நான் சொன்னா, உங்க நாக்குல குத்தம் இருக்கு அத்தைன்னு அவ சொல்லுவா. மண்ணச்சநல்லூர்ல ஒரு ரைஸ் மில்லுல வேலை பாத்தவ, நெல்லக் கையில அள்ளி ஈரம் எவ்வளவு, பதரு கருக்கா எவ்வளவுன்னு பாத்துச் சொல்ற வேலை. நான் ரேஷன் அரிசியில பொழைச்சவளா, அரிசியப் பத்தி எங்களுக்குள்ள வர்ற சண்டை தெருவுக்கே கேக்கும். எதுத்த வீட்டுல டிவிய நிறுத்திட்டு எங்களக் கேப்பாங்க. கல்யாணமாகி வந்ததும் வேலைய விடுன்னான் இவன். விட்டா. அப்பவும் வாய் கொறையலை. இந்தக் கேமரா வந்துச்சு பாருங்க, அதோட அடங்கிடுச்சு.

நான் என்ன கத்தினாலும் பதில் வராது. சரிங்க அத்தை. ஆகட்டுங்க அத்தை. இவ்வளவுதான். அதையும் ஒரு தடவை மேல கேமராவப் பாத்துட்டுத்தான் சொல்லுவா. கத்துறதுக்கும் காவல் காக்குறதுக்கும் வித்தியாசம் இருக்கு தம்பி. நான் கத்துனா அவ திருப்பிக் கத்தலாம். கேமராவ என்ன பண்றது? எனக்கு வீட்டுல பேச ஆளே இல்லாமப் போச்சு. செவுத்தோட சண்டை போடுற மாதிரி ஆயிடுச்சு என் பொழப்பு.

நீங்க எங்க எந்திரிக்கிறீங்க? ஒக்காருங்க. கொழம்பு கொதிக்குது, எறங்கட்டும். இல்ல, நீங்க சாப்பிட்டுட்டுத்தான் போவீங்க. எத்தனை வீடு பாக்கி இருந்தா எனக்கென்ன? அவங்களும் மனுசங்கதான், ஒரு வேளை இன்டர்நெட் இல்லாம சோறு தின்னட்டும்.

மேல மணி அடிக்குதா? ஆமா, அவ போனுதான். எங்கிட்டப் பேசி முடிச்ச கையோட அவளுக்கு அடிக்கிறான். அடிக்கட்டும், அடிச்சு ஓயட்டும். தலைவலிக்காரி எப்படி எடுப்பா?

இந்த லைன் எப்பலேருந்து இப்படி ஆச்சுன்னு கேட்டீங்கல்ல? சித்திரைத் தேருலேருந்து. நிஜமாத்தான் சொல்றேன். எங்க தெருவுல தேர் வராது. ஆனா எங்களுக்கு வர்ற வயரு சித்திரை வீதியக் குறுக்கால தாண்டித்தான் வருது. தேருக்கு முன்னாடி நீங்கதானே வந்து அத்தனை வயரையும் அவுத்துச் சுருட்டி வைக்கிறீங்க? தேர் ஒசரத்துக்கு எந்த வயரு நிக்கும்? ரெங்கநாதர் வர்றாருன்னா கரண்டே வழி விடுது, உங்க வயரு எம்மாத்திரம். இவன் பெங்களூர்ல குதியா குதிச்சான். தேருக்காக லைன நிறுத்துவீங்களான்னு உங்க ஆபீசுல சண்டை போட்டிருப்பானே? போட்டானா? போடுவான். அவனுக்குப் பெருமாளே குறுக்க வந்தாலும் ஆகாது.

அன்னைக்கு நானும் அவளும் போய்த் தேர் பாத்தோம். கொளுத்துற வெயில்ல ஊர்லேருந்து வந்த சனம் வீதியெல்லாம் நிக்குது. தொட்டியத்துலேருந்து எங்க அக்கா வீட்டு ஆளுங்க வந்திருந்தாங்க, ஒரு தர்பூசணிப் பழத்தக் கையில குடுத்துட்டுப் போனாங்க. வீட்டுக்கு வந்து கதவைத் தொறந்தா, இந்தப் பெட்டியில செவப்பு லைட்டு. அவ அண்ணாந்து கேமராவப் பாத்தா. அதுல சின்னதா ஒரு பச்சைப் புள்ளி எரிஞ்சுக்கிட்டே இருக்கும், அது இல்ல. நல்லாத் தள்ளி நின்னு இன்னொரு தடவை பாத்தா. அப்புறம் அப்படியே நடு ஹால்ல காலை நீட்டி ஒக்காந்தா. கொண்டைய அவுத்து விட்டா. பழத்த அரிவாமணையில ரெண்டா பொளந்து, கையாலேயே அள்ளித் திங்குறா. மோவாய் வழியா ஒழுகுது, பொடவையெல்லாம் செவப்பா ஆகுது.

நான் சும்மா இருப்பேனா? ஏண்டி தரையெல்லாம் ஒழுகுதுன்னேன். ஒழுகுனா தொடைக்கிறேன், இப்ப என்னாங்குறீங்க, வாயத் தொறந்தாலே ஒழுகுது ஒழுகுதுன்னு, இந்தாங்க நீங்களும் தின்னுங்கன்னா. எவ்வளவு நாளாச்சு தெரியுமா அவ என்னை எதுத்துப் பேசி? எனக்குக் கோவமே வரலை தம்பி. வயிறு குளுந்து போச்சு. சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் கத்திக்கிட்டே இருந்தோம். மறுநாள் உங்க ஆளுங்க வந்து வயர இழுத்துக் கட்டுனாங்க. பச்சைப் புள்ளி வந்துச்சு. அவ எந்திரிச்சு கொண்டையப் போட்டுக்கிட்டா. வாயும் மூடிக்கிச்சு.

அதுலேருந்துதான் இந்த வீட்டுல லைன் அடிக்கடி போகும். நான் என்ன பண்றது, பழைய வீடு.

கரண்ட்டா? கரண்ட் போனாலும் இது நிக்காது தம்பி. அதுக்குன்னு ஒரு பேட்டரி வாங்கி வச்சிருக்கான், பாருங்க கீழ. மொத ரெண்டு தடவை லைன் போனப்போ, கரண்ட் இல்லடான்னு நான் சொன்னதுக்கு, எதுத்த வீட்டுக்குப் போன் போட்டு கரண்ட் இருக்கான்னு கேட்டவன் அவன். எனக்கு மானம் போச்சு. அப்புறந்தான் முருகானந்தம் வர ஆரம்பிச்சாரு. அவரு வந்து பின்னாடி அமுக்குவாரு, அம்மா இது கழண்டு கழண்டு வருதேம்மாம்பாரு. ஆமாப்பா, கழண்டுடுதும்பேன். அவருக்குப் புரிஞ்சுதா இல்லையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. புரிஞ்சிருந்தாலும் வாயத் தொறக்கலை, அந்த மட்டுக்கும் நல்ல மனுசன்.

நீங்க ஏன் தம்பி என்னை ஒரு மாதிரி பாக்குறீங்க? ஒரு அம்மா சொந்தப் புள்ளையப் பத்தி இப்படிப் பேசுறாளேன்னா? நாந்தான் பெத்தேன். அவனுக்குக் காய்ச்சல்னா காவேரியில முழுகி ஈரப் பொடவையோட தாயார் சன்னிதிக்குப் போனவ. அவங்கப்பா ரெங்கராஜும் கோவக்காரருதான். தட்டைத் தூக்கி எறிவாரு, வாசல்ல போயி நிப்பாரு, அரை நாழியில பூ வாங்கிக்கிட்டு வந்து நிப்பாரு. எறிஞ்ச தட்டை நானும் திருப்பி எறிஞ்சிருக்கேன். அது குடித்தனம். இவன் தட்டையே தொடுறதில்லையே. சத்தம்கூடப் போட மாட்டான். அவ்வளவு மெதுவா, அவ்வளவு மரியாதையா கேப்பான். அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

ஒரு நாள் அவ சர்ட்டிபிகேட்டுல கையெழுத்து வாங்கணும்னு திருச்சிக்குப் போனா. சொல்லிட்டுத்தான் போனா. வர்ற பஸ்சு காவேரிப் பாலத்துல மாட்டிக்கிச்சு, ஏதோ லாரி நின்னுடுச்சாம். இவன் போன்ல அவ நிக்கிற புள்ளி தெரியுமாம், பாலத்து மேல நகராம நிக்குது. நடு ஆத்துல என்ன பண்றன்னு கேட்டிருக்கான். பஸ்சுன்னு சொல்லியிருக்கா. டிரைவர்கிட்ட போனக் குடுங்குறான்! குடுக்கலை அவ. வெக்கப்பட்டுக்கிட்டு குடுக்கலை. வீட்டுக்கு வந்து பைய வைக்கலை, செருப்புகூட கழட்டலை, இந்தக் கேமரா பேசுது. அங்க நில்லு, நேரா பாரு, போனது வந்தது எந்த எந்த எடம்னு மொதல்லேருந்து சொல்லு.

நின்னா தம்பி. நீங்க ஒக்காந்திருக்கீங்களே, அதுக்கு ரெண்டு அடி இந்தப் பக்கம். சொன்னா. சொல்லி முடிச்சா, மறுபடியும் சொல்லுங்குறான். மொதல்ல சொன்னதுக்கும் இப்ப சொன்னதுக்கும் வித்தியாசம் வருதான்னு பாக்குறான். நான், டேய் போதும்டான்னு மேல பாத்துக் கத்துனேன். அம்மா, நீ நடுவுல வராதன்னான். என் வீட்டு ஹால்ல, நான் சம்பாரிச்சுக் கட்டுன வீட்டுல, என்னை நடுவுல வராதங்குறான்! அவ மறுபடியும் சொன்னா. மறுபடியும். அடுப்புல சாம்பார் அடிப்பிடிச்சுப் புகை வந்து மூக்கை அடைக்குது, நான் நகரலை.

வையம்பட்டிக்கு போன் போட்டு அவங்கப்பாகிட்ட சொன்னா. அனுசரிச்சுப் போம்மா, மாப்பிள்ளை பாசத்துல கேக்குறாருன்னு சொல்லிட்டாரு. பாசமாம்! கசாப்புக் கடைக்காரனுக்குக்கூட ஆட்டு மேல ஒரு பாசம் இருக்கும்.

அன்னைக்கு சர்ட்டிபிகேட்டுல கையெழுத்து வாங்கினது ஒரு வேலைக்கு. பழைய வேலை மாதிரிதான், நெல்லு அரிசி பாக்குறது, ஆனா பெரிய எடம். அவ வேலைக்கான ஆர்டர் தபால் என் பேரு போட்டுத்தான் வந்துச்சு, அடுத்த தெரு தையக்கடை விலாசத்துக்கு. பெங்களூர்ல ஒக்காந்துக்கிட்டு தபால்காரனை வேவு பாக்க முடியாது பாருங்க.

கொழம்பு எறங்கிடுச்சு. வாசனை வருதா? மணத்தக்காளி வத்தல். இலை போடட்டுமா, இல்ல வேலைய முடிச்சுட்டுச் சாப்பிடுறீங்களா? முடிச்சுட்டா? சரி. இப்ப ஏறிக்கங்க மாடிக்கு.

எழுப்பவா? யாரை எழுப்பச் சொல்றீங்க?

மேல யாரும் இல்ல தம்பி. வாசல்ல கோலம் போடுற நேரத்துக்கே போயிட்டா. போனு மட்டும் தலகாணி மேல கெடக்கு, அதான் அடிச்சுக்கிட்டே இருக்கு. ஒரு அரை நாளாவது அவ முன்ன போயிடட்டும்னுதான் உங்களப் பிடிச்சு ஒக்கார வச்சு வாய் வலிக்கப் பேசுனேன். இல்லைன்னா உங்ககிட்ட எனக்கு என்ன பேச்சு?

போகும்போதும் சண்டைதான். புளிசாதம் கட்டிக் குடுத்தா, உப்பு கூடப் போச்சு அத்தைங்குறா. பிரிச்சு ஒரு வாய் தின்னுட்டு இல்ல சொல்றா! திங்காட்டி போடின்னேன். சிரிச்சா. அப்புறம் அழுதா. அழுதா கோலம் அழிஞ்சிடும், தள்ளி நின்னு அழுன்னேன்.

எங்க போனான்னு என்னைக் கேக்காதீங்க. ஆர்டரை நான் பிரிக்கலை. எந்த வழின்னு சொல்ல வாயெடுத்தா, நான் கையால பொத்திட்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டா, ஜங்ஷனா, பஞ்சப்பூரா, இல்ல திருவானைக்கோயில் வரைக்கும் நடந்து போயி எதுலயாவது ஏறினாளா, எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் இல்ல. அவன் மெதுவா, மரியாதையா, திருப்பித் திருப்பிக் கேப்பான். எங்கிட்ட இருந்தா என்னைக்காவது வாயிலேருந்து விழுந்துடும். இல்லாததை எங்கேருந்து புடுங்குவான்?

நீங்க உங்க ஆபீசுல என்ன வேணா சொல்லிக்கங்க. பயப்படாதீங்க, உங்க மேல ஒரு பழியும் வராது. லைன ஒட்டிக் குடுங்க, நல்லா கெட்டியா ஒட்டுங்க. ஒட்டுனதும் மேலேருந்து ஒரு கொரல் குடுங்க. அவ நின்ன எடத்துல போயி நான் நிக்கிறேன், கேமராவுக்கு நேரா. கேக்கட்டும் அவன், எத்தனை தடவை வேணாலும் கேக்கட்டும். பெத்தவகிட்ட கேட்டா எவ்வளவு சீக்கிரம் பதில் வரும்னு அளந்து பாத்துக்கட்டும்.

போங்க, ஏணிய எடுங்க. செவுத்துல இடிக்காம கொண்டு போங்க. மேல வடக்கு மூலையில, கைப்பிடிச் செவுத்தோரம் வயரு ரெண்டா கெடக்கும். எலியும் இல்ல, அணிலும் இல்ல. பக்கத்துலயே என் பாக்குவெட்டி கெடக்கும், எறங்கும்போது அத எடுத்துக்கிட்டு வந்துடுங்க தம்பி. காலையிலேருந்து வெத்தலையே போடலை.